டாலரும் சார்மும் ஒன்றா? சீர் செய்யுமுன் ஒரு சந்தேகம்

நொய்யல்கரைத் தாய்மாமன் (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகளுக்கு வரும் தை மாதம் சீர் வைத்திருக்கிறோம். தாய்மாமன் என்ற முறையில் நான் போட வேண்டிய நகை ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்கள் சங்கிலியோடு ஒரு டாலர் போதும் என்கிறார்கள். பிள்ளையோ சார்ம் பிரேஸ்லெட்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். "இரண்டும் தொங்குகிற சாமான்தானே கண்ணு" என்று நான் சொன்னதற்கு, "மாமா, உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை என்பதற்கு வீட்டில் ஒரு சான்றும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என் மனைவிக்கு ஒன்றேகால் கிராமில் சின்ன மயில் ஒன்று வாங்கினேன். விற்பனைப் பையன் அதை டாலர் என்று சொல்லித்தான் கொடுத்தான். மெல்லிய சங்கிலியில் கோத்துப் போட்டால் அந்த மயில் ஒருநாளாவது முகம் காட்டியிருக்க வேண்டுமே. எப்போதும் பக்கவாட்டில் திரும்பியே நின்றது. ஓராண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது சங்கிலி கழுத்தில் இருந்தது, மயிலைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் "சார்ம்" என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் பெயர்தான் வேறா, பொருளே வேறா? இன்னொரு முறை ஏமாற எனக்கு விருப்பமில்லை.

செல்வபுரம் பட்டறை (கோவை)

வணக்கம் அண்ணா. முப்பது ஆண்டுகளாக நகைப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மயில் ஏன் திரும்பி நின்றது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்கும் வேறுபாட்டில் பாதி அந்த ஒரு வளையத்திலேயே இருக்கிறது.

தட்டையான ஓர் உருவத்தின் தலையில் அதே தளத்தில் ஒரு வளையத்தைப் பற்றவைத்தால், அந்த வளையத்தின் துளை முன்னும் பின்னுமாகத் திறந்திருக்கும். கழுத்துச் சங்கிலியோ நெஞ்சின் மேல் இடமிருந்து வலமாக ஓடுவது. அந்தத் துளைக்குள் சங்கிலி நுழைய வேண்டுமானால் உருவம் கால் சுற்றுத் திரும்பித்தான் ஆக வேண்டும். இதனால்தான் டாலர் செய்யும்போது முதல் வளையத்தின் மேல் குறுக்காக இன்னொரு வளையத்தையோ, தகட்டை மடித்துச் செய்த குழல் போன்ற ஒரு பட்டையையோ வைக்கிறோம். சங்கிலி அதன் வழியே பக்கவாட்டில் ஓடும். உருவம் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். டாலருக்கு முகம் உண்டு, முதுகும் உண்டு. கற்களை முன்புறம் பதிப்போம், பின்புறத்தை மூடியோ திறந்தோ விடுவோம். அதைப் புரட்டிப் பார்ப்பதற்கென்று யாரும் அணிவதில்லை.

சார்ம் என்பது கையில் ஆடுவதற்காகச் செய்யப்படுவது. பிரேஸ்லெட்டின் ஒரு கண்ணியில் மாட்டிவிட்டால் எந்தப் பக்கமும் திரும்பும், திரும்ப வேண்டும். ஆகையால் ஒற்றை வளையமே போதும். நல்ல வேலையாக இருந்தால் முன்னும் பின்னும் ஒரே அழகாக இருக்கும். உங்களுக்கு விற்கப்பட்டது கைக்குச் செய்த உருப்படி. கடைக்காரர் ரசீதில் சரியாக எழுதிவிட்டு வாயால் மாற்றிச் சொல்லியிருக்கிறார். காணாமற்போனதற்கும் அந்த வளையமே காரணமாக இருக்கக்கூடும். ஒன்றேகால் கிராம் உருவத்துக்கு வைக்கும் கம்பி மிக மெலிதானது. 22 காரட் தங்கம் மென்மையானது. மெல்லிய சங்கிலி அதே இடத்தில் ஒவ்வொரு நாளும் உராய்ந்தால் கிணற்றுச் சகடையில் கயிறு தடம் பதிப்பதுபோல வளையத்தின் உட்புறம் தேய்ந்து, ஒருநாள் திறந்துகொள்ளும்.

அளவைக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் பலர். பெரியது டாலர், சிறியது சார்ம் என்று ஒரு கணக்கு ஊரில் இருக்கிறது. அது பெரும்பாலும் பொருந்தும், ஆனால் விதியல்ல. அரைக் கிராமில் ஒற்றைக் கல் டாலர் செய்திருக்கிறேன். மூன்று கிராமில் கனத்த யானைச் சார்மும் செய்திருக்கிறேன்.

பீளமேடு விடுதி மாணவி

மாமாவின் மருமகள் பக்கம் பேச ஒருவராவது வேண்டாமா? பட்டறை அண்ணா சொன்னது முழுக்க வளையத்தைப் பற்றியது. அணிகிறவர்களுக்கு வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. டாலர் ஒன்றுதான் இருக்கும்; வாங்கிய நாளிலேயே அந்த நகை முடிந்துவிடுகிறது. சார்ம் பிரேஸ்லெட் வாங்கிய நாளில்தான் தொடங்குகிறது. என் கையில் இருப்பது வெள்ளிதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா போட்ட ஒரு புத்தகம், ஊட்டிக்குப் போய்வந்த நினைவாக ஒரு குட்டி ரயில், தோழி கொடுத்த ஒரு பறவை என்று மூன்று இப்போது அதில் இருக்கின்றன. இன்னும் பல கண்ணிகள் காலியாக இருப்பதே எனக்கு அதில் பிடித்தது.

நான் வரலாறு படிப்பதால் ஒரு செய்தியையும் சொல்கிறேன். விக்டோரியா அரசியாருக்கு அவருடைய கணவர் ஆல்பர்ட் கொடுத்த தங்கப் பிரேஸ்லெட் ஒன்று இருக்கிறது. 1840-இல் மூத்த மகள் பிறந்தபோது தொடங்கி, ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் எனாமல் பூசிய இதய வடிவப் பேழை ஒன்று அதில் சேர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தந்தக் குழந்தையின் முடி இருக்கும். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது இதயங்கள். அந்த இதயங்களில் ஒன்றைத் தனியே கழற்றிச் சங்கிலியில் போட்டிருந்தால் அதை எல்லோரும் லாக்கெட் என்றே சொல்லியிருப்பார்கள். ஒன்பதும் ஒரு கையில் சேர்ந்ததால்தான் சார்ம் ஆயின. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதையும் மாமா தெரிந்துகொள்வது நல்லது. டென்மார்க்கின் பண்டோரா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்து பரப்பிய வகையில் சார்ம் தொங்குவதில்லை. நடுவில் பெரிய துளையுள்ள மணியாக இருக்கும், அதைப் பிரேஸ்லெட்டில் நேரடியாகக் கோக்க வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து அப்படி ஒன்றை வாங்கி, என் மெல்லிய சங்கிலியில் போட முயன்று ஏமாந்தேன். சங்கிலியின் கொக்கியே அந்தத் துளைக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டது.

சென்னிமலைத் தறிக்காரர்

தங்கை சொன்ன மணிக் கதையைப் படித்ததும் எங்கள் பக்கத்து ஊர் நினைவுக்கு வந்தது. சென்னிமலையிலிருந்து சிறிது தொலைவில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது அந்த ஊரைத்தான். அகழாய்வில் அங்கே சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் முதலியவற்றால் ஆன மணிகள், வேலை முடிந்தவையும் பாதியில் நின்றவையும் துளையிடப்படாதவையுமாகக் கிடைத்திருக்கின்றன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்த சுரங்கமும் இருந்தது. கல்லில் துளையிட்டுக் கோக்கும் வேலை நம் ஆற்றங்கரையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்காகச் சொன்னேன். அதற்கு மேல் இங்கே அதை நீட்டப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது சொற்களைப் பற்றி. ஆங்கிலத்தில் டாலருக்கு வழங்கும் பெண்டன்ட் என்ற சொல்லுக்கு வேரே "தொங்குதல்" என்ற பொருளுடைய இலத்தீன் சொல். சார்ம் என்பதோ இலத்தீனில் பாட்டையும் மந்திரத்தையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆகவே ஒரு பெயர் அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றொன்று அது என்ன செய்யும் என்று நம்பினார்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போடுவதால்தான் குழப்பம் வருகிறது. நம் தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கயிற்றில் தனியாக ஒரு குழல் தொங்குகிறது. வடிவத்தால் அது டாலர், வேலையால் அது சார்ம்.

சங்க காலத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். புறநானூறு புலிப்பல் தாலி அணிந்த சிறுவர்களைக் காட்டுகிறது. போருக்கு வந்து நின்ற இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் இன்னும் தாலியைக் களையவில்லை என்று அதே நூலின் 77-ஆம் பாட்டு சொல்லும். அந்தத் தாலி காப்புக்காகப் பிள்ளைப் பருவத்தில் கட்டுவது. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தின் சிறு உருவங்களைக் கோத்ததை ஐம்படைத் தாலி என்றார்கள். ஐந்து சிறு உருவங்கள், ஒரே கயிறு, காவல் என்ற நோக்கம்: இதற்குமேல் சார்முக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? (இக்காலத்தில் உண்மையான புலிப்பல்லையோ நகத்தையோ யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தங்கத்தில் செய்த போலியே போதும்.)

பவானி அத்தை

தம்பி ஐம்படைத் தாலி வரை போய்விட்டதால் நானும் சொல்லத் துணிகிறேன். எங்கள் வீட்டுத் தாலிக்கொடியில் நடுவில் தாலி இருக்கிறது. அதன் இரு பக்கமும் காசு, குண்டு, பவளம், மணி என்று உருக்கள் இருக்கின்றன. கல்யாணத்தன்று எல்லாம் ஒன்றாக வந்துவிடவில்லை. மஞ்சள் கயிற்றில் தாலி மட்டும் ஏறியது. பின்னர் தாலி பெருக்கிக் கோத்தபோது பிறந்த வீட்டிலிருந்து இரண்டு, மாமியார் கொடுத்தது ஒன்று என்று சேர்ந்தன. மகன் பிறந்தபின் என் அம்மா ஒரு காசைக் கொண்டுவந்து கோத்தார். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்குப் போய்க் கயிறு மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைப்பேன். எது யார் கொடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தாலியைக் கல்லூரிப் பிள்ளைகளின் கைவளையத்தோடு சமமாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதை அலங்காரப் பொருளாக நினைப்பதே தவறு. கோக்கும் முறையை மட்டும் சொன்னேன். நடுவில் தனித்து நிற்பதற்கும், பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதற்கும் நம் வீடுகளில் வேறு வேறு பெயர் இருக்கிறது. நடுவில் இருப்பதை யாரும் "உரு" என்று சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பதைத் தாலி என்றும் சொல்லமாட்டார்கள்.

குழந்தைகளின் அரைஞாண் கொடியும் இப்படித்தான். என் பேரனுக்கு ஒரு மணி, ஒரு நாய்க்காசு, ஒரு தாயத்து மூன்றையும் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டினோம். அவன் ஓடும்போது வருகிற சத்தத்தை வைத்தே எந்த அறையில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்போம்.

பீளமேடு விடுதி மாணவி

அத்தை சொன்னதைப் படித்தபின் சார்மை "உரு" என்றே சொல்லலாம் என்று தோன்றுகிறது. "குட்டி டாலர்" என்பதைவிட அது எவ்வளவோ மேல். குட்டி டாலர் என்று கேட்டால் கடையில் உண்மையாகவே குட்டியாக ஒரு டாலரைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

செல்வபுரம் பட்டறை (கோவை)

அத்தை சொன்ன உதாரணத்தை நான் இத்தனை ஆண்டுகளாகக் கையால் செய்துகொண்டிருந்தும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அதில் தொழில் நுட்பமும் இருக்கிறது. தாலி உருக்களுக்குத் துளை குழலாக ஓடும். கயிறோ கொடியோ உருவின் உள்ளே போகிறது. அதனால் எடை கயிற்றின் மேல் பரவி நிற்கிறது, ஒரே புள்ளியில் தேய்வதில்லை. தலையில் வைத்த வளையத்தால் தொங்குவது ஒரு முறை, வயிற்றில் துளைத்துக் கோப்பது மற்றொரு முறை. தங்கை வாங்கி ஏமாந்த மணி இரண்டாவது முறையைச் சேர்ந்தது.

அண்ணா, நீங்கள் சார்ம் பிரேஸ்லெட் செய்வதாக முடிவு செய்தால் சில செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, கழற்றி மாட்ட வேண்டுமா, நிரந்தரமாக இருக்க வேண்டுமா என்பது. 916 தங்கத்தில் வளையத்தைப் பற்றவைக்காமல் வெறுமனே நெருக்கி மூடினால், சட்டைக் கையில் ஒருமுறை மாட்டி இழுத்தாலே திறந்துவிடும். ஆகவே வெண்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழல் நெருப்பால் ஊதி மூடிவிட வேண்டும். ("பொடி வைத்துப் பேசுகிறான்" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தப் பொடி எங்கள் பட்டறைப் பொடிதான்.) மூடிய பிறகு கழற்ற வேண்டுமென்றால் மீண்டும் எங்களிடம்தான் வர வேண்டும். அடிக்கடி மாற்றி மாட்ட ஆசைப்பட்டால் ஒவ்வொரு உருவுக்கும் வில் வைத்த சிறு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கிக்கு 18 காரட்தான் விறைப்பாக நிற்கும்.

இரண்டாவது, உருக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். கழுத்து டாலர் பெரும்பாலும் துணியின் மேல் அமைதியாகக் கிடக்கும். கை அப்படியல்ல, மேசையில் இடிக்கும், பாத்திரத்தில் இடிக்கும். உள்ளே கூடான உருவம் ஆறு மாதத்தில் நசுங்கிவிடும். எடை கூடினாலும் கெட்டியாக வார்த்ததைக் கேளுங்கள். முத்தும் பவளமும் கை உருக்களுக்கு வேண்டாம். கல் வைத்தே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் விளிம்பு மடித்துப் பதித்ததாக இருக்கட்டும். நகம் போன்ற பிடிகளில் நிற்கும் கல் துணியில் மாட்டும்.

மூன்றாவது ஹால்மார்க். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண்கள் கொண்ட எச்யுஐடி குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டாலர் பெரும்பாலும் 2 கிராமைத் தாண்டிவிடும், உரு பெரும்பாலும் தாண்டாது. அதாவது ஒன்றேகால் கிராமில் ஐந்து உருக்களைத் தனித்தனியே வாங்கினால், முக்கால் பவுனுக்கு மேல் தங்கம் உங்கள் கையில் இருக்கும். ஒன்றின் மேலும் முத்திரை இல்லாமல் போகலாம். இது குற்றமல்ல, சட்டம் அப்படி. ஆனால் ஒவ்வொன்றின் எடையையும் தரத்தையும் ரசீதில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். முத்திரை உள்ள பிரேஸ்லெட்டின் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கூலியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எங்களைக் குறை சொல்லக் கூடாது. ஐந்து கிராமில் ஒரு டாலர் செய்யும் வேலையும், ஒரு கிராம் வீதம் ஐந்து உருக்கள் செய்யும் வேலையும் ஒன்றல்ல. ஐந்து அச்சு, ஐந்து மெருகு, ஐந்து வளையம். தங்கம் ஒரே அளவுதான், கூலியும் சேதாரமும் ஒரே அளவாக இருக்காது.

நொய்யல்கரைத் தாய்மாமன் (திருப்பூர்)

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. அத்தை எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்முடைய கொடியை எடுத்துப் பார்த்து, "இந்தக் குண்டு உன் பெரியத்தை கொடுத்தது" என்றார். அதற்குப் பிறகு பிரேஸ்லெட்டுக்கு வீட்டில் எதிர்ப்பு இல்லை.

முடிவு இதுதான். 916-இல் ஒரு பவுனில், கண்ணிகள் கனமாக உள்ள பிரேஸ்லெட் ஒன்று. சீரன்று அதில் இரண்டு உருக்கள் மட்டும்: ஒரு மாங்காய், ஒரு மயில். (போன மயிலுக்குப் பதில் என்று மனைவி கேலி செய்கிறார்.) இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று என்று நான் சொன்னேன், மருமகளோ தேர்வு முடிவுகளுக்கும் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறாள். இரண்டும் நிரந்தரமாகவே பற்றவைக்கப்படட்டும்.

அம்மாவுக்கு ஒரே குறை, பிள்ளையின் கழுத்து வெறுமையாக இருக்குமே என்பது. அதற்கு எங்கள் பாட்டியின் பழைய கெம்புப் பதக்கம் ஒன்று இருக்கிறது. அதன் மேல்வளையம் நூல்போலத் தேய்ந்துவிட்டது. அதையும் ஊதிச் சரிசெய்து சங்கிலியில் போட்டுவிடலாமா?

செல்வபுரம் பட்டறை (கோவை)

அண்ணா, அதை யாரிடமும் நெருப்பில் காட்டக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கெம்புப் பதக்கங்களில் பலவற்றின் வயிற்றில் அரக்கு இருக்கும். ஊதுகுழல் சூடு பட்டால் அரக்கு உருகி, கல் அசைந்து, கல்லுக்கு அடியில் இருக்கும் மினுக்குத் தகடும் கறுத்துவிடும். கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்குத் தக்க எடை இல்லாமல் இலேசாக இருந்தாலோ, பின்தகட்டில் சிறு துளை தெரிந்தாலோ அரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரக்கை எடுத்துவிட்டு வளையத்தைப் புதிதாக வைத்து மறுபடி நிரப்பலாம். அல்லது லேசர் கருவியால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் பற்றவைக்கலாம். எடை போடும்போது அரக்கைக் கழிக்க வேண்டும் என்பதால், அதை மாற்றிப் புதியது வாங்கச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய வளையத்தை வெட்டி எறிய வேண்டாம். தேய்ந்ததை உள்ளேயே விட்டு, அதன் மேல் குறுக்காக ஒரு புது வளையம் வைப்போம்.

பவானி அத்தை

கெம்புப் பதக்கத்தைப் பிள்ளைக்குப் போடும்போது பின்னால் முடிச்சிடும் கயிற்றில் கோத்துப் போடுங்கள். மெல்லிய சங்கிலி அதன் கனத்தைத் தாங்காது, கழுத்தையும் அறுக்கும்.

நொய்யல்கரைத் தாய்மாமன் (திருப்பூர்)

அப்படியே செய்கிறோம் அத்தை. பட்டறைத் தம்பி, பிரேஸ்லெட்டுக்கு அளவு எப்படி எடுத்து அனுப்புவது?

செல்வபுரம் பட்டறை (கோவை)

மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளந்து, இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் வரும் அளவைச் செண்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். வெறும் பிரேஸ்லெட் என்றால் அதற்கு மேல் ஒன்றரை செண்டிமீட்டர் விடுவேன். உருக்கள் ஆட வேண்டும் என்பதால் இரண்டாக வைக்கிறேன். வலது கையா, இடது கையா என்பதையும் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். எழுதுகிற கையில் போட்டால் மாங்காய் நோட்டுப் புத்தகத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும்.